பேட்டரிக்குள் மணல்

செவ்வாய், இரவு.

நெற்றி விளக்குக்கு வண்ணாரப்பேட்டையில் மலிவாக வாங்கிய பேட்டரி இன்றும் விடியற்கால மீன் ஏலத்தின் நடுவில் தீர்ந்துவிட்டது. இரவு முழுக்க சார்ஜ் ஏற்றியிருந்தேன். உறையில் மின்சாரம் கொள்ளும் அளவு ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரம் எம்ஏஎச் என்று போட்டிருக்கிறது. இந்த அளவுப் பேட்டரியில் மூவாயிரத்துச் சொச்சத்துக்கு மேல் நிற்காது என்று எனக்கே தெரியும். அதனால் எண்ணை நம்பவில்லை. கடையில் நாலைந்தை உள்ளங்கையில் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்து, கனமானதாக எடுத்து வந்தேன். காசிமேட்டுத் துறைமுக ஏலத்தில் மீனை அப்படித்தானே வாங்குகிறேன். என் கை சொன்னதைத்தான் தராசும் சொல்லும்.

சாயங்காலம் என் புருஷன் அதன் மூடியை நெம்பித் திறந்தார். உள்ளே சுண்டுவிரல் அளவில் இன்னொரு குட்டிப் பேட்டரி. சுற்றிலும் மணல்.

"இன்னாமே இது, கடலோரத்துல கீற உனுக்கே மணலை வித்துட்டான்!" என்று விழுந்து விழுந்து சிரித்தார்.

"யோவ், சும்மா இரு. எம்மா நைசா சலிச்சுப் போட்டுகீறான் பாரு" என்றேன்.

எனக்குக் கோபமே வரவில்லை. மணலைக் காகிதத்தில் கொட்டி வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். குலுக்கினாலும் சத்தம் வராதபடி இறுக்கி அடைத்திருந்தார்கள். எண்ணை நம்புகிறவர்களுக்கு எண் போதும். எண்ணை நம்பாமல் கையை நம்புகிற ஒருத்தியும் வருவாள் என்று, காசிமேட்டைக் கண்ணால் பார்த்திராத யாரோ நினைத்திருக்கிறார். நினைத்து, என் கைக்கென்றே இந்த மணலை அளந்து போட்டிருக்கிறார்.

விடிந்தால் இதே கையால்தான் மீனைத் தூக்கிப் பார்க்க வேண்டும்.