ஜப்பான் மாடல்

ஹமாமட்சு, ஜப்பான்
6.7.2025

அன்புத் தம்பி வளவனுக்கு,

அக்கா எழுதுவது. வாட்ஸப் இருக்கும்போது இதென்ன காகிதம் என்று உன் வீட்டுக்காரி பவித்ரா கேட்பாள். உன் போன் எந்நேரமும் ஜானு கையில்தானே இருக்கிறது. நான் ஒரு மெசேஜ் போட்டால் உனக்கு முன்னால் அவள் படித்துவிடுகிறாள். பேசலாம் என்றால் ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறாள். என் மகளை வைத்துக்கொண்டே என் மகளைப் பற்றி எதைப் பேசுவது? ஒன்பது வயதுக்கு அவளுக்குக் காது கொஞ்சம் அதிகம்தான். அதனால் அவள் விஷயம் எல்லாம் இனிமேல் கடிதத்தில். உன் கடை விலாசத்துக்கே போடுகிறேன்.

இந்தக் கடிதத்தை மட்டும் இர்பானா கையில் கொடுத்தனுப்புகிறேன். பாலக்கரைப் பெண். எங்கள் முதியோர் இல்லத்தில் என்னோடு வேலை பார்க்கிறாள், லீவில் வருகிறாள். கூட ஒரு பெட்டி இருக்கும். போன மாதம் வந்த புது வீடியோ கேம் மெஷின், ஜானுவுக்கு. இங்கே அது இரண்டு விலையில் இருக்கிறது. ஒன்று எழுபதாயிரம் யென், இன்னொன்று ஐம்பதாயிரம். நான் ஐம்பதாயிரத்தை வாங்கினேன். கூட்டம் தாங்காமல் சீட்டுப் போட்டுக் குலுக்கித்தான் கொடுக்கிறார்கள். எனக்கு விழுந்தது. என் வாழ்க்கையில் எனக்கு விழுந்த முதல் சீட்டு இதுதான்.

முதுகுவலி பரவாயில்லை. நான் தினமும் குளிப்பாட்டிவிடும் ஓர் அம்மா என்னைத் தன் மகள் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார். நானும் திருத்துவதில்லை.

பெட்டியை ஜானுவிடம் கொடு. அவள் அதை எப்படி வைத்துக்கொள்கிறாள் என்று மறக்காமல் எழுது.

உன் அக்கா,
கமலவல்லி


ஸ்ரீரங்கம்
27.7.2025

அன்பு அக்காவுக்கு,

நல்லா ஏமாந்திருக்கே. உன் தம்பி ஒன்பது வருஷமாகச் சிங்காரத்தோப்பில் வீடியோ கேம் கடையில் நின்று கால் தேய்கிறான். வாங்குவதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

விஷயத்தைச் சொல்கிறேன், கேள். இந்தக் கம்பெனி நம் நாட்டில் நேராகக் கடை போட்டு விற்பதே இல்லை. நாங்கள் விற்பதெல்லாம் துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்து சேருகிற சரக்கு. அங்கே நாற்பத்தைந்தாயிரம் ரூபாய் என்றால் இங்கே எங்கள் கண்ணாடிக்குள் வந்து உட்காரும்போது ஐம்பத்தைந்து. உன் ஊரில் அதே பெட்டி நம் பணத்துக்கு முப்பதாயிரம்தான். அப்படியானால் ஊரே அங்கே போய் அள்ளிக்கொண்டு வந்துவிடாதா? அதற்காகத்தான் மலிவு மாடலுக்கு ஒரு பூட்டுப் போட்டிருக்கிறார்கள் போல. அதில் ஜப்பான் மொழி ஒன்றுதான் வரும். இங்கிலீஷ்கூடக் கிடையாது. கணக்குத் தொடங்கினால் அதில் நாடு ஜப்பான் என்று இருக்க வேண்டும். இங்கே இருக்கிற பிள்ளைக்கு அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. எங்கள் முதலாளி ஆசாத் பாய் பெட்டியைத் திருப்பிப் பார்த்ததும் சிரித்துவிட்டார். “தங்கச்சி விலையைப் பாத்துச்சு, ஊரைப் பாக்கலையே” என்றார்.

ஜானுவிடம் காட்டவே இல்லை. காட்டிவிட்டுப் பிடுங்கினால் அவள் போடும் கூச்சல் அம்மா மண்டபம் வரை கேட்கும். கடை அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். இர்பானா திரும்பும்போது இந்தக் கடிதத்தோடு கொடுத்தனுப்புகிறேன், எல்லா மொழியும் வருகிற மாடலாக மாற்றிக்கொள். மேலே ஆகிற பணம் என்னுடையது. மாமன் வாங்கிக் கொடுத்ததாக இருக்கட்டும்.

அவள் நன்றாக இருக்கிறாள். பவித்ராவைத் தவிர வேறு யார் தலை பின்னினாலும் அவிழ்த்துவிடுகிறாள். தூங்கும்போது பவித்ராவின் முந்தானையை முறுக்கிப் பிடித்துக்கொள்கிறாள், இவள் எழுந்துபோய்த் தண்ணீர் குடிக்கக்கூட முடிவதில்லை. எங்களுக்கென்று ஒன்று பிறக்கவில்லையே என்ற பேச்சு வீட்டில் நின்றே போய்விட்டது.

இன்னொரு நல்ல சேதி. வரும் மார்ச்சோடு உன் ஐந்து வருஷ விசா முடிகிறதே, அதற்குள் எங்கள் மாடி போர்ஷன் காலியாகிறதாம். ஹவுஸ் ஓனரிடம் சொல்லி வைத்துவிட்டேன். மேலே நீ, கீழே நாங்கள், நடுப் படியில் ஜானு. இதைவிட என்ன வேண்டும் நமக்கு?

உன் தம்பி,
வளவன்


ஹமாமட்சு
17.8.2025

அன்புத் தம்பிக்கு,

இர்பானா நீ கொடுத்த முறுக்கையும் கடிதத்தையும் கொடுத்தாள். பெட்டியையும் அவளிடம் நீட்டினாயாம். மாற்றுவதற்கு பில் இல்லை என்று அவள் வாங்க மறுத்துவிட்டதாகச் சொன்னாள். நீ திருப்பிக் கொடுத்தால் அப்படிச் சொல் என்று முன்பே சொல்லி அனுப்பியது நான்தான்.

நான் ஏமாறவில்லை, வளவா. கடைக்காரப் பையன் என்னைப் பார்த்து வெளிநாட்டுக்காரி என்று தெரிந்துகொண்டு, “இதில் ஜப்பானிய மொழி மட்டும்தான், தெரியுமா?” என்று இரண்டு தடவை கேட்டான். தெரியும், அதுதான் வேண்டும் என்று சொல்லித்தான் வாங்கினேன். ஜானு எழுத்துகளைப் பழக வேண்டும். புத்தகத்தைக் கொடுத்தால் மூலையில் போடுவாள், விளையாட்டு என்றால் தானாகப் படிப்பாள் என்று நினைத்தேன்.

இங்கே முதியோரைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு ஒரு தேர்வு இருக்கிறது. அதில் தேறினால் ஐந்து வருஷம் என்ற கணக்கு போய்விடும், எத்தனை வருஷம் வேண்டுமானாலும் இங்கே இருக்கலாம். பிள்ளையையும் கூட்டி வைத்துக்கொள்ளலாம். நான் மார்ச்சிலேயே தேறிவிட்டேன். உன்னிடம் சொல்ல எத்தனையோ தடவை போனை எடுத்தேன். ஒவ்வொரு தடவையும் ஸ்பீக்கரில் அவள் சிரிப்புச் சத்தமும், பின்னால் பவித்ரா அவளைச் சாப்பிடக் கூப்பிடும் சத்தமும் கேட்கும். என்னால் முடியவில்லை.

ஏப்ரலில் இங்கே பள்ளி திறக்கிறது. அவளை அழைத்துக்கொள்ள நினைக்கிறேன். மாடி போர்ஷனை வேறு யாருக்காவது விடச் சொல்.

அக்கா


ஸ்ரீரங்கம்
7.9.2025

அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் பவித்ராவிடம் இன்னும் காட்டவில்லை. காட்டவும் மாட்டேன்.

ஆசாத் பாய் சொன்னது தப்பு. நீ ஊரைப் பார்த்துத்தான் வாங்கியிருக்கிறாய். விலையைப் பார்த்து ஏமாந்தது நான். வருகிற கஸ்டமருக்கெல்லாம் எது எந்த ஊர்ச் சரக்கு என்று பெட்டியைத் தொட்டே சொல்லுகிறவன், என் வீட்டுக்கு வந்த பெட்டி எதற்கு வந்தது என்று தெரியாமல் உனக்கே பாடம் எடுத்திருக்கிறேன். சிரித்திருப்பாய்.

ஜானுவின் அப்பா தவறிப்போனபோது அவளுக்கு மூன்று வயது. அடுத்த வருஷம் நீ பிளேன் ஏறினாய். “அஞ்சே வருஷம்டா, பாத்துக்க” என்று சொன்னாய். பார்த்துக்கொண்டேன். அவளுக்குக் காது குத்தினது என் மடியில். டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கையைப் பிடித்துக்கொண்டு இருந்தது பவித்ரா. அந்த ஊரில் அவளுக்கு யாரைத் தெரியும்? நீ டூட்டிக்குப் போய்விட்டால் யார் தலை வாருவார்கள்? பசிக்கிறது என்று எந்த பாஷையில் கேட்பாள்? இந்த ஊர், அந்த ஊர் என்று மாற்றி மாற்றி வைக்க அவள் என்ன கண்ணாடிக்குள் இருக்கிற சரக்கா?

அலமாரி பூட்டியே இருக்கும்.

வளவன்


ஹமாமட்சு
28.9.2025

அன்புத் தம்பிக்கு,

நான் சிரிக்கவில்லை. நீ மாடி போர்ஷனைப் பற்றி எழுதியிருந்த இடத்தைப் படித்துவிட்டு அழுதேன்.

நீ கேட்டதெல்லாம் நியாயம். நான் ஒன்றை மட்டும் சொல்கிறேன். போன வருஷம் லீவில் வந்தேனே, வந்து இறங்கிய அன்றைக்கு நான் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தேன். ஜானு பவித்ராவிடம் போய்ச் சத்தமில்லாமல் கேட்டாள்: “ஜப்பான் அம்மா எங்க படுப்பாங்க?”

விருந்தாளிக்குக் கேட்கிற கேள்வி அது. பவித்ரா பாவம், பதறிப்போய், “உன் பக்கத்துலதான்டீ” என்றாள். ஜானு அன்றிரவு கொஞ்சம் தள்ளிப் படுத்துக்கொண்டாள். யார் மேலும் தப்பில்லை. நான் அனுப்பிய பாவாடை, சாக்லேட், பொம்மை எல்லாவற்றையும் ஜப்பான் என்று சொல்லித்தானே கொடுத்தீர்கள், நானும் அப்படித்தான் அனுப்பினேன். அந்த வரிசையில் நானும் சேர்ந்துவிட்டேன். இன்னும் இரண்டு வருஷம் போனால் அவள் எனக்கு மரியாதை மட்டும்தான் கொடுப்பாள்.

ஊருக்கே வந்துவிடு என்பாய். வந்து என்ன செய்ய? பத்தாயிரத்துக்கு ஏதாவது நர்ஸிங் ஹோமில் நிற்கலாம். அவளை உன் கைக்காசிலிருந்தே படிக்க வைக்க வேண்டும். அதற்கு நான் இத்தனை வருஷம் பிரிந்தே இருந்திருக்க வேண்டாம்.

நீ தரமாட்டேன் என்றால் நான் வந்து பிடுங்கமாட்டேன். உன்னிடம் சண்டை போட்டு வாங்கிய பிள்ளையாக அவள் என்னிடம் வரக் கூடாது. நீயாகச் சொல்.

அக்கா


ஸ்ரீரங்கம்
16.11.2025

அக்காவுக்கு,

தீபாவளிக்குப் பெட்டியைக் கொடுத்துவிட்டேன்.

அதற்கு முன்னால் பவித்ராவிடம் உன் கடிதங்களைக் கொடுத்தேன். எல்லாவற்றையும் படித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். வெகுநேரம் கழித்து வெளியே வந்து, “அம்மா கேட்டா குடுக்காம இருக்க முடியுமாங்க?” என்றாள்.

மெஷினை ஆன் செய்தால் எல்லாம் உன் ஊர் எழுத்து. போன் கேமராவைக் காட்டி ஒவ்வொரு வரியாக மொழிபெயர்த்துப் பார்த்தேன். கணக்குத் தொடங்கும்போது எந்த நாடு என்று கேட்டது. ஜானு பக்கத்தில் உட்கார்ந்து, “சீக்கிரம் மாமா” என்று தோளைக் குலுக்கிக்கொண்டிருந்தாள். ஜப்பான் என்று நான்தான் அழுத்தினேன், அக்கா. என் விரலால்தான்.

அன்றைக்கே அவளிடம் சொன்னேன். அம்மாகூட அங்கே போய்ப் படிக்கப் போகிறாய் என்றேன். “நீயும் அத்தையும் எப்ப வருவீங்க?” என்றாள். அப்புறம் என்று சொன்னேன். அப்புறம் என்றால் எப்போது என்று அவள் கேட்கவில்லை.

எழுத்தெல்லாம் வேகமாகப் பிடித்துக்கொள்கிறாள். எந்த பட்டனில் என்ன எழுதியிருக்கிறது என்று இப்போது எனக்கு அவள்தான் சொல்கிறாள். அந்த மெஷினுக்குள்ளேயே கேம் விற்கிற கடை இருக்கிறதல்லவா, அதில் விலையெல்லாம் யென்னில்தான் வருகிறது. முதலில் ஒவ்வொன்றையும் காட்டி, “இது நம்ம காசுக்கு எவ்வளவு மாமா?” என்று கேட்பாள். நானும் கணக்குப் போட்டுச் சொல்வேன். இப்போது ஒரு வாரமாக அவள் கேட்பதில்லை. ஆயிரம் யென் என்றால் அவளுக்கு அது ஆயிரம் யென்தான். அதைப் பார்த்தபோதுதான் அவள் கிளம்பிவிட்டாள் என்று எனக்குப் புரிந்தது.

மார்ச்சில் வா. பேப்பர் எல்லாம் தயாராக வைத்திருக்கிறேன்.

உன் தம்பி,
வளவன்


ஹமாமட்சு
26.4.2026

அன்புத் தம்பிக்கும் பவித்ராவுக்கும்,

ஜானு சுகம். முதல் வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. பவித்ரா கட்டிக் கொடுத்த பருப்புப்பொடி இருந்ததால் பிழைத்தேன். தலை பின்னினால் அவிழ்த்துவிட்டாள். நேற்றிலிருந்து அவிழ்ப்பதில்லை. தூங்கும்போது என் துப்பட்டாவைப் பிடித்துக்கொள்கிறாள். இதைப் பவித்ராவுக்குச் சொல்வதா வேண்டாமா என்று தெரியவில்லை, எழுதிவிட்டேன்.

ஒரு விஷயம் நடந்தது. பள்ளியில் அவளைப் பற்றிச் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். உன்னைப் பற்றித்தான் சொல்லியிருக்கிறாள், மாமா இந்தியாவில் இருக்கிறார், மாமாதான் என்னை வளர்த்தார் என்று. இந்த ஊர் பாஷையில் மாமா என்றால் அம்மா. டீச்சர் குழம்பிப்போய் என்னைக் கூப்பிட்டு, இவளுடைய அம்மா இந்தியாவிலா இருக்கிறார், அப்படியானால் நீங்கள் யார் என்று கேட்டார்.

சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் திருத்தவில்லை, வளவா. அம்மா இந்தியாவில் இருக்கிறார் என்றே சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் போய்த்தான் விளக்கம் சொன்னேன்.

உன் அக்கா,
கமலவல்லி


ஸ்ரீரங்கம்
24.5.2026

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் பவித்ராவுக்குப் படித்துக் காட்டினேன். துப்பட்டா விஷயத்தையும் சேர்த்துத்தான். “நல்லதுதானேங்க” என்றாள். அன்றைக்கு மதியம் அவள் சாப்பிடவில்லை.

போன் இப்போது என் கையிலேயே இருக்கிறது, யாரும் பிடுங்குவதில்லை. மெசேஜே போடலாம். எழுதிப் பழகிவிட்டதால் எழுதுகிறேன். மாடி போர்ஷனுக்கு உறையூரிலிருந்து ஒரு குடும்பம் வந்திருக்கிறது. சத்தமில்லாத ஜனங்கள்.

ஞாயிற்றுக்கிழமை நானும் ஜானுவும் ஆன்லைனில் சேர்ந்து விளையாடுவோம் என்று பேசி வைத்திருந்தோமே, ஏப்ரல் முழுக்க வந்தாள். இந்த மாதம் இன்னும் வரவில்லை. கூப்பிட்டுக் கேட்காதே, அக்கா. சிநேகிதப் பிள்ளைகள் கிடைத்திருப்பார்கள், கிடைக்கட்டும். நானும் கடையில் யாராவது வந்தால் எழுந்துவிடுகிறேன்.

போன வாரம் என் கேம் கணக்கிலும் நாட்டை ஜப்பான் என்று மாற்றிவிட்டேன். ஆசாத் பாய் தலையில் அடித்துக்கொண்டார். என் கார்டை அது ஏற்காது, இனிமேல் அதில் ஒரு கேம்கூட வாங்க முடியாது. தெரிந்துதான் மாற்றினேன். இப்போது அவள் பார்க்கிற அதே கடை எனக்கும் திறக்கிறது. அதே படம், அதே விலை. காலையில் கடைக்குக் கிளம்புமுன் ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டுப் போகிறேன்.

அதில் இன்றைக்கு ஒன்று பார்த்தேன். இங்கே இருந்தபோது அவள் கேட்டுக்கொண்டே இருந்தாளே, மீன் பிடிக்கிற விளையாட்டு, அதைப் பாதி விலைக்குப் போட்டிருக்கிறார்கள். அடுத்த மாதக் கடைசி வரைக்கும்தான். நம் காசுக்கு எவ்வளவு என்று நான் கணக்குப் போடவில்லை. அவளிடம் மறக்காமல் சொல்.

இப்படிக்கு,
மாமா