சூடேறிய பேட்டரி

1984 ஆகஸ்ட் 12, ஞாயிறு

அக்காவின் அவசர விளக்கிலிருந்த பேட்டரி இன்று மதியம் சார்ஜில் இருந்தபோது கொதித்தது; ஒரு பக்கம் உப்பியும் இருந்தது. சீக்கிரம் சார்ஜ் ஆகிறதென்று அதை எல்லாரிடமும் புகழ்ந்தவன் நான்தான். பாதிப் பாடத்திலேயே “புரிஞ்சிடுச்சு சார்” என்கிற மாணவனை நம்பியதுபோல.

சிராங்கூன் ரோட்டில், அதை விற்ற ஹமீது பாய் கடைக்கு ஓடினேன்.

“நீங்க நல்லதுன்னு சொன்னதாலதான் தஞ்சோங் பகார்ல இருக்கிற ஒரு அம்மாவுக்கும் ஒன்னு கொடுத்தேன், சார். அவங்க வீட்ல போன்கூட இல்லலா!”

கடையைப் பூட்டிவிட்டு என்னோடு பஸ் ஏறினார். அங்கே விளக்கு கட்டிலருகே சார்ஜில் இருந்தது. தொட்டேன், நல்ல சூடு. பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அந்த அம்மாள் எங்களுக்குத் தேநீர் கொடுத்தார்.

திரும்பும்போது பாய் சொன்னார்: “மிச்சத்தை விற்க மாட்டேன். இனி புதுச் சரக்குக்கு முதல்ல நீங்க பரீட்சை வைங்க. பாஸானாத்தான் என் கடைக்குள்ள வரும்.”

எவ்வளவு நேரம் எரிகிறது, எவ்வளவு சூடாகிறது, இரண்டையும் பார்க்க வேண்டும். ஒரு தடவை போதாது, மூன்று தடவையாவது சோதிக்க வேண்டும்.