பதினொரு மணிக்கு லவீனா

2025 பெப்ரவரி 10
காலையில் மாணவர் ஆலோசனை அறைக்கு என்னைத் தேடி லவீனா வந்தாள். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம், கணிதம். குருநகர்ப் பிள்ளை. ஓட்டிசம் (மதியிறுக்கம்) இருப்பது பள்ளிக்கூடத்தில் ஒருவருக்கும் பிடிபடவில்லை. போன வருடம்தான் வைத்தியர் சொன்னார்.

"மிஸ், நான் கம்பஸை விடப் போறன்."

கணக்கில் வெறுப்பில்லை. அடைக்கலநாதன் சேர் விரிவுரையின் நடுவில் பெயர் சொல்லி எழுப்பிக் கேள்வி கேட்பாராம். "விடை தெரியும் மிஸ். வாய்தான் திறக்குதில்லை. எல்லாரும் பாக்கினம்."

தூங்குகிற பிள்ளைகளை எழுப்பத்தான் அப்படிக் கேட்கிறார், நல்ல மனிதர் அவர். இப்படியான பிள்ளைகளுக்கு எப்படிப் படிப்பிப்பது என்று விரிவுரையாளர்களுக்குப் பயிற்சி வைக்கப் போகிறேன், அதுவரை பொறும் பிள்ளை என்றேன். "ஓம்" என்றாள். எந்தத் தைரியத்தில் அப்படிச் சொன்னேன்?

பெப்ரவரி 14
தேநீர் குடிக்கும்போது அடைக்கலநாதன் சேரைப் பயிற்சிக்குக் கூப்பிட்டேன். "ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு விதமாப் படிப்பிக்கிறதெண்டால் நான் எப்ப பாடத்தை முடிக்கிறது, சிவகௌரி?" கோபமில்லை. உண்மையாகவே கேட்டார். வடைத் தட்டை அவர் பக்கம் தள்ளினேன். வருகிறாராம்.

பெப்ரவரி 19
பயிற்சியில் தானே கதைக்கிறாளாம் லவீனா. நான் கேட்கவில்லை. மைக் வேண்டாம், எத்தனை மணிக்கு, எங்கே நிற்பது என்று முன்னமே சொல்ல வேண்டும். பதினொரு மணி என்று முடிவாயிற்று. சேரின் பெயரைச் சொல்ல மாட்டாளாம்.

"அவருக்கு வெக்கமாப் போயிடும் மிஸ்."

இந்தப் பிள்ளைக்கு மற்றவர் மனம் விளங்காதென்று யார் சொன்னது?

பெப்ரவரி 26
சிவராத்திரி. கோவிலில் நின்றும் பயிற்சி ஞாபகம்தான்.

பெப்ரவரி 28
இன்று பயிற்சி. பிழை விட்டது நான்.

பிரதம விருந்தினர் வரப் பிந்திவிட்டார். சபை சலசலக்கத் தொடங்கியது. பதற்றத்தில், "லவீனா, நீர் இப்பவே வாரும்" என்று எல்லார் முன்னாலும் கூப்பிட்டேன். எழும்பினாள். அப்படியே நின்றாள். பிறகு கதவைத் திறந்து போய்விட்டாள்.

என்ன வேலை பார்த்தேன்— முன்கூட்டியே சொல்லுங்கள் என்று மற்றவர்களுக்குப் படிப்பிக்க வந்தவள்!

மறைக்க மனம் வரவில்லை. "இப்ப நீங்கள் பாத்தது என்ரை பிழை. பதினொரு மணி எண்டு சொல்லிப்போட்டு நான் மாத்திப்போட்டன்."

அடைக்கலநாதன் சேர் எழும்பினார். "நான் ஒவ்வொரு நாளும் வகுப்பிலை இதைத்தானே செய்யிறன்." சொல்லிவிட்டு அமர்ந்துவிட்டார். முகம் வாடியிருந்தது.

வெளியே ஓடினேன். படிக்கட்டில் இருந்தாள். மன்னிப்புக் கேட்டேன். நேரத்தைப் பார்த்தாள்.

"இன்னும் பதினொண்டு ஆகேல்லைத்தானே மிஸ்."

போகவில்லை அவள். காத்திருந்திருக்கிறாள். பக்கத்தில் இருந்து அழுதேன். அவள் கண்ணைத் துடைக்கத் தன் லேஞ்சியை நீட்டினாள்.

பதினொரு மணிக்கு உள்ளே வந்து, ஒருவர் முகத்தையும் பார்க்காமல், சொல்ல வந்ததெல்லாம் சொன்னாள். "கேள்வியை முதல்நாளே தந்தால் எனக்கு அது போதும். வடிவாப் பதில் சொல்லுவன்." சேர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்.

மார்ச் 12
சேர் இப்போது வகுப்பு முடியும்போது நாளைய கேள்விகளைக் கரும்பலகையில் எழுதிவிடுகிறார். லவீனாவுக்கு மட்டுமல்ல, எல்லாருக்கும். ஒருநாளும் வாய் திறக்காத இன்னும் இரண்டு பிள்ளைகள் கதைக்கிறார்களாம். எனக்குச் சொல்லும்போது அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஜூலை 8
லவீனா வந்தாள். கணிதத்தில் சிறப்புப் பட்டத்துக்கு விண்ணப்பிக்கிறாளாம். ஆய்வை அடைக்கலநாதன் சேரிடமே செய்ய விருப்பம்.

"சேரிட்டைக் கேட்டனீரோ?"

"ஓம் மிஸ். 'திடீரெண்டு கேட்டால் எப்பிடிப் பிள்ளை, யோசிச்சு நாளைக்குச் சொல்லுறன்' எண்டு சொன்னவர்." பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "நியாயம்தானே" என்றாள்.

அவர் என்ன சொல்வாரென்று எனக்குத் தெரியும். அதை நாளைக்கு அவரே சொல்லட்டும்.