பின்பிரேக்கில் நீ விட்ட ஒயில்

மச்சான்,

மெக்கானிக் என் மோட்டார் சைக்கிளின் பின்பிரேக் மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றி, அதற்குள் இருந்த சின்ன றப்பரை என் உள்ளங்கையில் வைத்தான். ஊறிப் பருத்துக் கொழகொழத்துக் கிடந்தது. மோந்து பார்த்தேன். பிரேக் ஒயில் மணமே இல்லை.

"அண்ணை, உதுக்குள்ளை என்ன விட்டனீங்கள்?"

"நான் விடேல்லை. என்ரை சிநேகிதன் விட்டவன்."

"அவரைக் கூட்டிக்கொண்டு வாங்கோ, கேப்பம்."

எங்கே போய்க் கூட்டிவர? உன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து கீரிமலையிலிருந்து திரும்பும் வழியில்தானே இந்தக் கூத்து நடந்தது. பிரேக்கிலிருந்து காலை எடுத்த பிறகும் பின்சில்லு லேசாகச் சுற்றவில்லை. இழுத்து இழுத்து வந்து, தெல்லிப்பளை தாண்டியதும் அப்படியே இறுகிவிட்டது. சறுக்கிக்கொண்டு போய் ஒரு வேலியோடு நின்றேன். வேட்டியெல்லாம் செம்மண், முழங்கையில் இரத்தம். துணைக்கு என்னையும் கூப்பிடுகிறாயோ என்று நடுறோட்டில் உன்னைத் திட்டினேன்.

மெக்கானிக் விளக்கினான். பிரேக் ஒயில் வகைகளில் டொட் மூன்றும் டொட் நாலும் ஒன்றோடொன்று சேருமாம், டொட் ஐந்து சேராதாம். பவர் ஸ்டியரிங் ஒயில் மாதிரி எதையாவது விட்டால் றப்பர் ஊதி, ஒயில் திரும்பி வரும் துவாரத்தை அடைத்துவிடுமாம். பிறகு பிரேக் பிடித்தபடியே நிற்கும். சிலிண்டர் மட்டும் போதாது, ஒயில் ஓடும் ஹோஸும் சில்லைப் பிடிக்கும் கலிப்பரின் றப்பரும் மாற்றவேண்டும் என்றான்.

எல்லாம் விளங்கியது. தலை சுற்றியது வேறு காரணத்தால். இதே கதையைச் சொல்லுக்குச் சொல் நீ எனக்குச் சொல்லியிருக்கிறாய். உரும்பிராய்ச் சந்தித் தேத்தண்ணிக் கடையில், தேத்தண்ணி ஆறும் வரை சொல்லிவிட்டு, "மூடியிலை என்ன எழுதிக்கிடக்கோ அதைத்தான் விடவேணும்" என்று முடித்தாய். யுத்தத்தில் பெற்றோலுக்குத் தடை இருந்த காலத்தில் என் பழைய மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓடவைத்தவன் நீ. அப்போதுகூட பிரேக்கில் மட்டும் நீ விளையாடவில்லை. "ஓடாட்டி தள்ளலாம், நிக்காட்டி என்ன செய்யிறது?" என்பாய்.

பிறகு இது எப்படி? அவசரமா, அலட்சியமா? யாராவது போத்தலில் மாற்றி ஊற்றி வைத்தார்களா? சாவதற்குச் சில நாள் முன் நீயாகவே போத்தலோடு வந்து, "பிரேக் ஒயில் குறைஞ்சிருக்கும், தள்ளி நில்லடா" என்று சைக்கிளுக்குப் பக்கத்தில் குந்தியது நன்றாக நினைவிருக்கிறது. எப்படிப் பார்த்தாலும் பிடிபடவில்லை.

அதற்குப் பிறகுதான் பயம் பிடித்தது. உன் மகளும் மோட்டார் சைக்கிளில்தானே வேலைக்குப் போகிறாள்! அந்த ஒயில் அதற்குள்ளும் போயிருந்தால்? அப்படியே உன் வீட்டுக்கு ஓடினேன். உன் கைவேலையைப் புகழ்ந்து பழகிய வாயால் உன் மனைவியிடம் எப்படிக் கேட்பது என்று படலை வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன்.

"தங்கச்சி, பிள்ளையின்ரை பைக்குக்கும் அவன் ஒயில் விட்டவனோ?"

அவள் என் முழங்கையில் போட்டிருந்த கட்டைப் பார்த்தாள். முகம் கறுத்துப்போயிற்று.

"இல்லை அண்ணை. பிள்ளை தொட விடேல்லை. இவருக்குக் கண் மங்கிப்போச்சு. போத்தலிலை என்ன எழுதியிருக்கெண்டு வாசிக்க ஏலாது. உங்களுக்கு மட்டும் சொல்லக்கூடாதெண்டு எங்களட்டைச் சத்தியம் வாங்கினவர்."

"அப்ப என்ரையை ஏன் தொட்டவன்?"

"நாங்கள் ஒண்டையும் திருத்தக் குடுக்கேல்லையெண்டு கோவம். 'அவன் ஒண்டும் கேக்கமாட்டான், குடுப்பான்' எண்டு சொல்லிப்போட்டு வெளிக்கிட்டவர். திரும்பி வரேக்கை எவ்வளவு சந்தோசம் தெரியுமே, அண்ணை."

புதுச் சிலிண்டர் போட்டாயிற்று. டொட் நாலு விட்டு, குழாயிலிருந்த காற்றெல்லாம் எடுத்து, பிரேக் நன்றாகப் பிடிக்கிறது, நன்றாக விடுகிறது. எனக்குத்தான் ஒன்றும் தெளியவில்லை. உன்னைக் கோபிக்கலாம் என்றால் அந்தச் சந்தோசம் குறுக்கே வந்து நிற்கிறது. சரி, போகட்டும் என்று விடலாம் என்றால் முழங்கை வலிக்கிறது. சின்ன வயதிலிருந்து கூடத் திரிந்தவன் நான், என்னிடமா கண் மங்கியதை மறைத்தாய் என்று அழுகை வருகிறது.

கண் தெரியவில்லை என்று நீ சொல்லியிருந்தால், அன்றைக்கு என் சைக்கிளை உன்னிடம் தந்திருப்பேனா? எங்கே போனாலும் இந்த ஒரு கேள்வி கூட வருகிறது. தந்திருக்கமாட்டேன், மச்சான். அது எனக்கு இப்போதுதான் தெரிகிறது. உனக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது.