பூட்ஸ் ஓடி வந்த காலை

1974, தை 9, செவ்வாய்

சின்ன பாவா,

இன்று உன் நாயை அடித்தேன். மண்வெட்டிப் பிடியால். முதுகில் இரண்டு, இடுப்பில் ஒன்று. கத்தவில்லை. கையைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்தான். அதற்காக இன்னொன்று வைத்தேன்.

கட்டின புருஷன் உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல? மூன்றாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிறேன், எழுத்து கோணலாய்த்தான் இருக்கும். நீ படிக்கவா போகிறாய்.

மார்கழியில் அந்தக் காலை, கிழங்குக் கொல்லையில் காட்டுப்பன்றி உன் வயிற்றைக் கிழித்துப் போட்டபோது இவன் எங்கே இருந்தான்? வீட்டில் இருந்தான். கதவைப் பிறாண்டிக்கொண்டு நின்றான். தினமும் உனக்கு நான் கூழ் கொண்டுவருகிற நேரத்துக்கு வந்து பிறாண்டுவானே, அதுபோல. நானும் கூழைக் கரைத்து, வெங்காயம் உரித்து, சட்டியைத் தூக்கிக்கொண்டு அவன் பின்னால் வந்தேன். வரப்பில் நீ கிடந்தாய். வெளியே வந்த குடலை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தாய். கை சில்லிட்டுப் போயிருந்தது.

அவன் மேல் ஒரு பொட்டு ரத்தம் இல்லை, பாவா. ஒரு கீறல் இல்லை. நாலு காலும் வெள்ளை, துரை மாதிரி பூட்ஸ் போட்டுகினு வந்திருக்கான் பாரு என்று சிரித்துச் சிரித்து நீதானே பூட்ஸ் என்று பேர் வைத்தாய். அந்த வெள்ளையில் மண்கூட ஒட்டவில்லை.

உன் கையால் தின்றவன். உன்னை விட்டுவிட்டு ஓடி வந்துவிட்டான்.

தை 10

அமாவாசை. உனக்குப் படைத்த சோற்றைக் காக்காய்க்கு வைத்தேன். அவனுக்கு வைக்கவில்லை.

தை 12, வெள்ளி

கிழங்கு முற்றிவிட்டது. தோண்டுகிறவரை காவல் வேண்டும். பன்றி மறுபடி வந்து கீழ்ப் பாத்தியைக் கிளறிப் போட்டிருக்கிறது. அதே பன்றிதான், ஒரு குளம்பு பிளந்த தடம். விடிவதற்கு முன்னால் போகிறேன். நாயைக் கயிற்றில் கட்டி இழுத்துப் போகிறேன். ஆசையால் இல்லை. வந்தால் முதலில் அவனைக் குத்தட்டும் என்றுதான்.

பனியில் கால் மரத்துப்போகிறது. மலைமேல் கோயில் விளக்கு தெரிந்தது, மலை தெரியவில்லை. நீ விழுந்த வரப்பு வந்ததும் உட்கார்ந்துவிட்டான். இழுத்தேன். கழுத்து இறுகி நாக்கு வெளியே வந்தது. நகரவில்லை.

பக்கத்துக் கொல்லை தேவகி பார்த்துவிட்டாள்.

“இன்னா அம்சாக்கா, காலங்காத்தால நாயோட மல்லுக்கு நிக்கிறே? உன்னவிட அது கெட்டி.”

“அதுக்கு பயம். அன்னிக்கு ஓடிச்சு, இன்னிக்கும் ஓடப் பாக்குது.”

“ஓடறதுன்னா ஊட்டுப் பக்கமில்ல இழுக்கும். இது அங்கியே குந்திகினு கீது.”

புருஷன் உயிரோடு இருக்கிறவளுக்கு என்ன தெரியும்.

தை 15, திங்கள்

களை பிடுங்கக் குந்தியிருந்தேன். என் தலை அவன் தலை உயரத்துக்கு வந்தது. அங்கிருந்து பார்த்தால் கொல்லை வேறு மாதிரி இருக்கிறது, பாவா. வேலி தெரியவில்லை, மலை தெரியவில்லை. கொடியின் அடிப்பக்கமும் ஈர மண்ணும்தான். நான் பாத்தியை எண்ணுகிறேன். அவன் மூக்கைத் தரையில் வைத்து யார் வந்தார், யார் போனார் என்று பார்க்கிறான். இங்கே கீரி. இங்கே தேவகி வீட்டுக் கோழி. இங்கே பன்றி — முதுகு மயிர் நிற்கிறது. மோட்டார் கொட்டாய் ஓரம் நீ வேட்டி உலர்த்தும் கல் இருக்கிறதே, அங்கே மட்டும் ரொம்ப நேரம் நிற்கிறான். உன் வாசனை இன்னும் இருக்கிறதா? பனியில் கரையாதா?

எனக்கு வரவில்லை. நானும் கல்லில் மூக்கை வைத்துப் பார்த்தேன். வெறும் கல். எனக்கு வராதது அவனுக்கு வருகிறது. அதற்கும் ஒரு உதை கொடுத்தேன்.

தை 19, வெள்ளி

பெரிய பாவா வந்தார். தம்பி செத்ததிலிருந்து வீட்டுக்குள் வருவதில்லை, வாசலில் நின்றே பேசுகிறார். கையில் துணி மூட்டை. நாட்டு வெடி. ஆட்டுக் கொழுப்பைச் சுற்றி உருண்டை பிடித்திருக்கிறார். பன்றி கடித்தால் தாடை பறந்துவிடும்.

“சாயங்காலம் கீழ்ப் பாத்தில வெக்கிறேன். நாயை இறுக்கிக் கட்டு அம்சா. கொழுப்பு வாசனைக்கு நாய்தான் மொதல்ல ஓடும்.”

“ஆங்” என்றேன்.

அவர் போனதும் கயிற்றை அவிழ்த்துவிட்டேன்.

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. அவிழ்த்துவிட்டேன். சாகட்டும் என்றுதான்.

தை 20

நேற்று விளக்கு ஏற்றும் நேரத்துக்கு வெடித்தது. அடுப்பில் சோறு. எப்படி ஓடினேன் என்று தெரியவில்லை, செருப்பில்லாமல் முள்ளில் ஓடினேன். பூட்ஸ், பூட்ஸ் என்று கத்திக்கொண்டே ஓடினேன். ஏன் கத்தினேன்? அவிழ்த்துவிட்டவள் நான்தானே?

நரி. முகத்தில் பாதி இல்லை. கீழ்த் தாடை தோலில் தொங்கியது. சாகவில்லை. தலையைத் தரையில் தேய்த்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தது, சத்தம் போட வாய் இல்லை. பெரிய பாவா கடப்பாரையால் மண்டையில் போட்டார். முதல் அடியில் போகவில்லை.

நான் வாந்தி எடுத்தேன். பின்னால் யாரோ காலில் இடித்தார்கள். பூட்ஸ். நான் வீட்டை விட்டு ஓடும்போது என் பின்னாலேயே வந்திருக்கிறான். அவிழ்த்துவிட்டும் கொழுப்புக்குப் போகாமல் என் வாசலில்தான் கிடந்திருக்கிறான்.

“கட்டலியா நீ?” என்றார் பெரிய பாவா. மீதி வெடியைப் பொறுக்கிக்கொண்டு போய்விட்டார்.

தை 24

பூசம். மேளச் சத்தம் கொல்லை வரை வருகிறது. பயந்துபோய் என் காலடியில் வந்து படுத்தான். உதைத்தேன். திரும்ப வந்து படுத்தான். விட்டுவிட்டேன்.

மாசி 3

காலில் கட்டுப் போட்டிருக்கிறது. மெதுவாக எழுதுகிறேன்.

நேற்று விடியலில் மோட்டார் கொட்டாய் தாண்டுகிறபோதே இவன் கயிற்றை இழுத்தான். கொடிக்குள்ளே மண் கிளறுகிற சத்தம். எருமைக் கன்று போல இருந்தது, பாவா, பின்பக்கம்தான் தெரிந்தது. நான் ஓடியிருக்கலாம். கொடுவாளை ஓங்கிக்கொண்டு போனேன். உன்னைக் கிழித்தது அதுதான் என்று ஒன்றே ஒன்றுதான் மண்டையில் இருந்தது.

திரும்பியது. வந்த வேகத்தில் நான் பாத்தியில் விழுந்தேன். கயிறு கையை விட்டுப் போனது. இவன் நடுவில் பாய்ந்து காதைக் கவ்வினான். பன்றி தலையை உதறுகிறது, இவன் காற்றில் துணிபோல அடிபடுகிறான், விடவில்லை. கொம்புப் பல் விலாவில் ஏறியது. தோல் கிழிகிற சத்தம் கேட்டது. பழைய புடவை கிழிவதுபோல. உள்ளே எலும்பு வெள்ளையாய்த் தெரிந்தது. அப்போதும் விடவில்லை.

செத்துவிடுவான் என்று பட்டது. என் வாயில் தானாக வந்தது. “ஊட்டுக்குப் போடா. பூட்ஸ், ஊட்டுக்குப் போ.”

காதை விட்டான். திரும்பினான். ஓடினான்.

அத்தனை அடிக்கு விடாதவன், பாவா. ஒரு சொல்லுக்கு விட்டான். தோல் தொங்கத் தொங்க, திரும்பிப் பார்க்காமல், நேராக வீட்டுப் பாதையில்.

அப்புறம் அது என்மேல் வந்தது. மூஞ்சியில் கொடுவாளை இறக்கினேன், எலும்பில் பட்டுத் தெறித்தது. கெண்டைக்காலைக் கிழித்தது. தவழ்ந்து போய்த் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்தேன். அது தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தது, கண்ணில் ரத்தம் வழிந்துகொண்டு. அதன் மூச்சு என் முகத்தில் பட்டது.

எவ்வளவு நேரமோ. பெரிய பாவாவும் தேவகி புருஷன் ஆனந்தனும் ஈட்டியோடு வந்தார்கள். அவர்களுக்கு முன்னால் பூட்ஸ். விலாவில் குத்தினார்கள், கழுத்தில் குத்தினார்கள். ஈட்டி உள்ளே இருக்கும்போதே அது இரண்டு பாத்தி தூரம் இழுத்துக்கொண்டு ஓடியது. கடப்பாரையால் அடித்துத்தான் சாய்த்தார்கள். வாய்க்கால் தண்ணீர் சிவப்பாய் ஓடியது. நான் இன்னும் அடி, இன்னும் அடி என்றேனாம். எனக்கு நினைவில்லை.

“உன் ஊட்டுக் கதவைப் பிறாண்டியிருக்கான். பூட்டிக் கீது. அப்புறம் எங்க கதவுக்கு வந்தான்” என்றார் பெரிய பாவா. “கதவெல்லாம் ரத்தம்.”

தேவகி என் காலைக் கட்டிக்கொண்டே சொன்னாள். “தினம் உன் ஊட்டுக்காரர் சொல்லுவாரில்ல, ஊட்டுக்குப் போ, அம்சாவ இட்டுகினு வான்னு. அப்பதான் போவும். சொல்லாட்டி அடிச்சாலும் அவர் கால விட்டு நகராது. கூழுக்கு ஆள் அனுப்பறாரு பாருன்னு நாங்க சிரிப்போம். உனக்குத் தெரியாதா? நீ இன்னா நெனச்சிகினு இருந்தே?”

“அதுக்குப் பசிக்குதுன்னு வருதுன்னு.”

அவள் கட்டின் முடிச்சை இறுக்கினாள்.

மாசி 4

முந்தாநாள் சாயங்காலமே பன்றியைக் கூறு போட்டார்கள். வேட்டைக்குப் போன நாய்க்கும் ஒரு கூறு உண்டு. ஈரலைத் தனி இலையில் வைத்தார் பெரிய பாவா.

“நாய்க்கு ஈரலு, நமக்கு எலும்பா?” என்றான் ஆனந்தன்.

“நீ காதப் புடிச்சித் தொங்கினியா? தொங்கியிருந்தா உனக்கும் வெச்சிருப்பேன்.”

அந்த இலையை என் கையில் கொடுத்தார். நாய்க்கு என்று சொல்லவில்லை. பூட்ஸுக்கு என்றார்.

மாசி 9

மாட்டு டாக்டர் தைத்துவிட்டார். பிழைத்தால் இவன் அதிர்ஷ்டம் என்றார். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் போடுகிறேன். முதுகில் கை வைத்தால் என் அடி விழுந்த இடம் இன்னும் வீங்கியிருக்கிறது. அங்கே தொட்டால் மட்டும் சுருங்குகிறான். பன்றி கிழித்த இடத்தில் தொட்டால் சும்மா இருக்கிறான்.

மாசி 16

இன்று முதல் தடவை கயிறு இல்லாமல் நடந்தோம். அவனும் நொண்டி, நானும் நொண்டி. தேவகி, “ஆங், ஜோடி சரியாத்தான் கீது” என்றாள். கிழங்கைத் தோண்டி முடித்தாயிற்று. கொல்லை வெறும் மண்ணாய்க் கிடக்கிறது.

வரப்புக்கு வந்ததும் உட்கார்ந்தான். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். ரொம்ப நேரம் இருந்தோம். வெயில் ஏறியது. நான் எழுந்தேன், அவன் எழவில்லை. ஊட்டுக்குப் போ என்று அவனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தூக்கிக்கொண்டு வந்தேன்.

சொல்லாமல் உன் காலை விட்டு நகர மாட்டான் என்றால் அன்றைக்கும் நீ சொல்லித்தானே வந்திருக்கிறான். என்னை இட்டு வரச் சொல்லி அனுப்பினாயா, இல்லை, நான் கத்தினதுபோலத்தான், அவனாவது பிழைக்கட்டும் என்று போகச் சொன்னாயா, பாவா?