மூன்று முறை கழுவியும்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? தம்பி வேளைக்குச் சாப்பிடுகிறானா? எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.

நேற்று ஆய்வுக்கூடத்தில் கையுறை கிழிந்து ஐந்து விரலிலும் ஊதாச் சாயம் ஏறிவிட்டது. பயப்படாதீர்கள், வெறும் சாயம்தான். பக்கத்து மேசைக்காரர், "என்னம்மா, கத்தரிக்காய் மூட்டைக்குள்ள கைய விட்டியா?" என்று சிரித்தார்.

கிருமி படிந்திருப்பதைக் காட்டத்தான் அந்தச் சாயம். டயாலிசிசுக்காக அப்பாவின் கழுத்தில் போட்டிருந்தார்களே, அதே மாதிரிக் குழாய்த் துண்டுகளில் கிருமியை வளர்க்கிறோம். அது பசைபோல ஒரு படலம் கட்டி உள்ளே பதுங்கிக்கொள்கிறது. மூன்று முறை கழுவியும் ஊதா போகவில்லை. பசை செய்யும் மரபணுவை நீக்கிவிட்டால் அதே கிருமி முதல் அலசலிலேயே போய்விடுகிறது.

"கட்டு மாத்தும்போது நான்தான்டி சரியாக் கை கழுவல" என்று அப்பா போனதிலிருந்து ஒவ்வொரு முறையும் போனில் அழுகிறீர்கள். அப்பாவின் குழாய்க்குள் கிருமி எப்படிப் போனதென்று யாருக்கும் தெரியாது. ஒட்டிய பிறகு மருந்தே தோற்றது, உங்கள் கை என்ன செய்யும்? அப்பாவுக்குக் குளிர்நடுக்கம் என்று நீங்கள் சொன்னபோது, "மாத்திரை போட்டுப் படுக்கச் சொல்லுங்க" என்றவள் நான். இதையே படிக்கிற நான்.

இனியாவது சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருக்காதீர்கள். வெடித்த விரல்களுக்கு எண்ணெய் தடவுங்கள்.

மணி அடிக்கிறது, கிருமி வளர்க்கும் தட்டுகளை வெளியே எடுக்க வேண்டும். தம்பியிடம் சொல்லி அப்பாவின் கைக்குட்டை ஒன்றை அனுப்பிவையுங்கள். துவைக்க வேண்டாம்.

உங்கள் மகள்