தோணியைத் திறந்துவிட்டோம், மச்சான்

என் அன்பு மச்சானுக்கு,

நலம் விசாரித்துத் தொடங்குவதுதான் முறை. உங்கள் விஷயத்தில் அது பொருந்துமா என்று நெடுநேரம் யோசித்து, விட்டுவிட்டேன். ஒப்புகை அட்டை திரும்பி வராது என்று தெரிந்தே நான் அனுப்பும் முதல் கடிதம் இது.

செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் தோணி வெளியே போய்விட்டது. அதன் மூல நிரல் முழுவதும் இணையத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. யாரும் எடுக்கலாம், படிக்கலாம், திருத்தலாம். நீங்கள் இருந்தபோது இரண்டு முறை சொன்னீர்கள்: "மாப்ளே, இத ஒரு நாளைக்கு எல்லாருக்கும் தொறந்து விட்ரணும்." இரண்டு முறையும், "அவசரப்படாதீங்க மச்சான், யோசிச்சுச் செய்வோம்" என்றேன். யோசித்தேன். நீங்கள் போய் ஒன்றரை ஆண்டு ஆகிவிட்டது.

இக்கடிதத்தை வேறு சிலரும் படிக்கக்கூடும் என்பதால், தோணி இன்னதென்று பதிவு செய்ய வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். கந்தர்வக்கோட்டை பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை நடத்திய நீங்கள், ஆள் வராத நேரங்களில் உட்கார்ந்து இருபது ஆண்டுகளாக எழுதிய விண்பறப்பு மென்பொருள் அது. கணினித் திரையில் கலம் ஏறி நிலாவுக்குப் போகலாம். விளையாட்டு என்று யாராவது சொன்னால் உங்களுக்குக் கோபம் வரும். சுடுவதற்கு எதிரி கிடையாது. நிலாவுக்குப் போக உண்மையில் எத்தனை நாள் ஆகுமோ, அத்தனை நாள் ஆகும். பாதியில் சேமித்து நிறுத்தும் வசதியும் இல்லை. ஏன் என்று கேட்டால், "நடுவானத்துல எறங்கி டீ குடிக்க முடியுமா?" என்பீர்கள். ஒருமுறை, கிளம்பிய இரண்டாம் நாள் மாலை மின்சாரம் போனது. நீங்கள் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தீர்கள். அக்கா எட்டிப் பார்த்து, "நெலாவுக்குப் போனவரு திரும்பி வந்துட்டாரா? சோறு போடவா?" என்றாள். அதற்கு நான் நேரடிச் சாட்சி.

நீங்கள் போன பிறகு, உங்களிடம் தோணியை வாங்கி ஓட்டிவந்த வெளிநாட்டுக்காரர்களிடமிருந்து யாழினிக்கு மின்னஞ்சல்கள் வரத் தொடங்கின. எல்லாவற்றிலும் ஒரே புகார்: புதிய கணினிகளில் நிலா வருவதில்லை. தோணி கிளம்புகிறது, மூன்று நாள் போகிறது, போய்ச் சேர்ந்த இடத்தில் ஒன்றுமில்லை. "நா ஆஸ்பத்திரி பில் போடுற சாப்ட்வேர் எழுதுறவ மாமா. எனக்கு நெலாவ வர வைக்கத் தெரியாது" என்றாள் உங்கள் மகள். "சோர்ஸ வெளிய குடுத்தா, தெரிஞ்சவங்க சரி பண்ணிருவாங்க. இல்லேன்னா பழைய கம்ப்யூட்டர் ஒவ்வொன்னா சாகுறப்ப அப்பாவோட தோணியும் செத்துரும்."

அக்காவும் அதையே சொன்னாள். அவள் தோணியில் ஒருநாளும் ஏறியதில்லை. இருந்தாலும் அது நிற்கக் கூடாது என்றாள்.

என் தரப்பையும் கேளுங்கள். ஒரு சொத்தை ஊருக்கு எழுதி வைப்பது கையெழுத்துப் போட்டவுடன் முடிகிற காரியமா? வாரிசுச் சான்றிதழ் வாங்கினேன். யாழினி காட்டிய உரிம ஆவணத்தை ஒன்பது முறை படித்தேன். அதில் 'எவ்வித உத்தரவாதமும் இல்லை' என்று பெரிய எழுத்தில் ஒரு பத்தி இருக்கிறது. இத்தனை ஆண்டு வக்கீல் தொழிலில் இவ்வளவு அழகான பத்தியை நான் படித்ததில்லை. ஆனால் அதற்கு மேலே இருந்த பத்தி தூக்கத்தைக் கெடுத்தது.

"கேக்குறவன் எல்லாம் திருத்தலாமா?"

"ஆமா மாமா."

"திருத்துறேன்னு கெடுத்துட்டா?"

"அவன் கெடுத்தது அவங்கிட்ட இருக்கும். நம்மளது நம்மகிட்ட அப்படியே இருக்கும்."

மூலப்பத்திரம் நம்மிடம், நகல் அவனிடம் என்று எடுத்துக்கொண்டேன். ஆனாலும் மனம் ஆறவில்லை. ஆகவே எந்தச் சொத்துக்கும் செய்வதைச் செய்தேன்: ஆட்சேபனை கோரி நாளிதழில் பொது அறிவிப்பு. இதை எழுதும்போது உங்கள் சிரிப்பு எனக்குக் கேட்கிறது.

விளம்பரப் பிரிவில் இருந்த அம்மாள் படிவத்தை எடுத்துக்கொண்டு, "சொத்து எங்க சார் இருக்கு?" என்றார்.

"கம்ப்யூட்டருக்குள்ள இருக்கும்மா."

"சரி. நாலெல்லை சொல்லுங்க."

"இதுக்கு எல்லை கிடையாதும்மா."

"நாலெல்லை போடாம படிவம் ஏறாது சார். வக்கீலு, உங்களுக்குத் தெரியாததா?"

எனக்குத் தெரியும், வினையே அதுதான். கணினிக்குள் இருப்பதற்கு எல்லை இல்லை என்றாலும், கணினி இருக்கும் இடத்துக்கு உண்டே. வடக்கே பேருந்து நிலையச் சாலை, கிழக்கே பரோட்டா கடை, தெற்கே காலி மனை, மேற்கே சைக்கிள் கடை. இந்நான்கு எல்லைக்குட்பட்ட 'தோணி'யும் அதைச் சேர்ந்த சகல பாகங்களும் விலையின்றிப் பொதுமக்கள் உபயோகத்துக்கு வழங்கப்படவிருப்பதால், ஆட்சேபனை உள்ளோர் பதினைந்து நாட்களுக்குள் தெரிவிக்கவும் என்று, ஓர் எழுத்துப் பிழை இல்லாமல் எழுதிக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பு வந்தது. திங்கள் காலை, நான் நீதிமன்றத்துக்குக் கிளம்பும்போது அக்காவின் போன்.

"தம்பி, கடை வாசல்ல ஆளா நிக்கிது. என்னமோ எலவசமா குடுக்குறமாமே. என்னத்தடா குடுக்குறோம்?"

"தோணிதாங்க்கா."

"கம்மாயிலயே தண்ணியக் காணோம், தோணிய வாங்கி என்ன செய்யப் போறாக? அவுங்க கடையக் கேக்குறாங்கடா."

நான் போய்ச் சேர்ந்தபோது எல்லோர் கையிலும் ஆதார் நகல் இருந்தது. நகல் இல்லாத சிலர், அதை நம் கடையிலேயே எடுத்துத் தரும்படி அக்காவிடம் கேட்டிருக்கிறார்கள். அவளும் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். கடை தரப்படவில்லை, கடைக்குள் இருக்கும் கணினிக்குள் இருக்கும் ஒன்றுதான் தரப்படுகிறது என்று ஒரு மணி நேரம் விளக்கினேன். ஒரு பெரியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வெளிய எடுக்க முடியாத ஒன்னக் குடுக்குறதுக்கு எதுக்குத் தம்பி பேப்பர்ல போட்ட?" என்றார். பதில் சொல்ல அவகாசம் கேட்டேன். இன்னொருவர் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று கோரி மனு கொடுத்துவிட்டுப் போனார். அது கோப்பில் இருக்கிறது.

கூட்டம் கலைந்த பிறகு அக்கா சொன்னாள்: "மனுசன் செத்தா ஊருக்குச் சோறு போடுவாக. நீ கடையவே போடப் பாத்த."

முறையான ஆட்சேபனை ஒன்றே ஒன்றுதான் வந்தது, பதினான்காம் நாள். கோட்டைப்பட்டினத்திலிருந்து உங்கள் நண்பர் அலாவுதீன் பாய், விசைப்படகு வைத்திருப்பவர், அறிவிப்பைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு வந்தார்.

"ஆட்சேபன இருக்கு வக்கீல் சார்."

"சொல்லுங்க பாய். எழுதிக்கிறேன்."

"கரைக்கு வாரப்ப எஞ்சின எங்கன அணைக்கணும், மிச்சத்த எப்புடி ஓட்டத்துலயே விடணும்னு எம் படகுல நின்னுதான் ஒங்க மச்சான் படிச்சாரு. அதத்தான் மேல போயி ரெண்டு கப்பல ஒட்ட வைக்கிறதுக்குப் போட்டுக்கிட்டாரு. அவரே சொன்னது."

"இழப்பீடு ஏதும் கோருறீங்களா?"

"காசு யாரு கேட்டா? எம் படகு பேரப் போடணும். படிக்கிறப்ப ரெண்டு தடவ ஜெட்டிப் பாலத்துல மோதுனாரு. அதையும் போடணும்."

கோரிக்கை நியாயமானது. இரண்டும் நன்றியுரையில் சேர்க்கப்பட்டிருக்கின்றன. நீங்கள் மோதியதை இதுவரை எங்களிடம் சொல்லவேயில்லையே, மச்சான்?

சொல்லாதவை இன்னும் இருந்தன. வெளியிடுவதற்கு முன் முழுவதையும் ஒருமுறை படித்துவிட வேண்டும் என்று அடம்பிடித்தேன். நிரல் எனக்குப் புரியாது. ஆனால் இடையிடையே நீங்கள் தமிழில் எழுதியிருந்த குறிப்புகள் புரிந்தன. கணினி அவற்றைப் படிக்காமல் தாண்டிப் போய்விடும், அவை மனிதருக்காக எழுதுவது என்றாள் யாழினி. கலம் தரையிறங்கும் முன் ஒவ்வொன்றாகச் சோதித்து அனுமதி தரும் பகுதிக்கு 'வக்கீல்' என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். கீழே குறிப்பு: 'கூப்பிட்டால் உடனே பதில் வராது. அவசரப்படுத்தினால் இன்னும் தாமதமாகும். தப்பான பதில் சொன்னதில்லை.' முதல் இரண்டு வாக்கியங்களுக்கு என் ஆட்சேபனையைப் பதிவு செய்கிறேன். மூன்றாவதை நகல் எடுத்து வைத்துக்கொண்டேன்.

பிறகு எரிபொருள் கணக்குப் பகுதியில் அந்த வரியைப் பார்த்தேன். 'ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். இவளிடம் இப்போது சொல்ல வேண்டாம். முதலில் இந்தக் கணக்கை முடிப்போம்.'

அதை எழுதி ஐந்து மாதம் கழித்துத்தான் நீங்கள் அக்காவிடம் வாய் திறந்தீர்கள் என்பது யாழினி தேதியைப் பார்த்துச் சொல்லித் தெரிந்தது. மறைந்தவரின் தனிப்பட்ட விவரம், வெளியிடத் தகாதது என்று குறித்து, அந்த வரியை நீக்கச் சொன்னேன். அதற்கு நான் சொன்ன காரணம் சட்டம். உண்மைக் காரணம், அக்கா படித்துவிடக் கூடாது என்பது. அந்த ஐந்து மாதமும் அவளைத் தனியே விட்டுவிட்டு நீங்கள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தீர்கள் என்று அவளுக்குத் தெரிய வேண்டுமா?

வெளியிடும் அன்று கடையில் மூவரும் உட்கார்ந்திருந்தோம். யாழினி பொத்தானை அழுத்தப் போனாள்.

"எல்லாம் இருக்குல்ல? ஒன்னும் எடுக்கலையே?" என்றாள் அக்கா.

நேரடிக் கேள்விக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை எனக்கு. "ஒரு வரி" என்றேன்.

"படி."

படித்தேன். வெளியே கறம்பக்குடி பேருந்துக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"எங்கிட்டச் சொல்லாதத ஊரு ஒலகத்துக்கெல்லாம் எழுதி வச்சிருக்காரு பாரு" என்றாள். "அத இருந்த எடத்துல வையி. அதுக்குக் கீழ நா ஒன்னு எழுதணும். சட்டத்துல எடமிருக்காடா?"

உரிமத்தை எடுத்துப் பார்த்தேன். எவரும் திருத்தலாம், சேர்க்கலாம் என்றுதான் இருந்தது. மனைவிக்கு விலக்கு ஏதும் இல்லை. "இருக்குக்கா" என்றேன். நான் உடனே பதில் சொன்னது அன்று ஒருநாள்தான்.

அவள் சொல்லச் சொல்ல யாழினி தட்டினாள். 'தெரியும். மருந்துச் சீட்டைச் சட்டைப் பையில் வைத்தே துவைக்கப் போட்டால் தெரியாதா. கணக்கு முடியட்டும் என்றுதான் நானும் கேட்கவில்லை.'

கேள்விக்குறி போட வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது என்றேன். அம்மாவும் மகளும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. யாழினி முகத்தைத் துடைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினாள்.

மூன்றாம் வாரத்தில், ஏதோ பனி பெய்யும் நாட்டுக்காரர் ஒருவர் நிலாவை வரவழைத்துவிட்டார். நல்ல மனிதர். கூடவே ஒரு கேள்வி கேட்டிருந்தார்: எரிபொருள் பகுதியில் புரியாத எழுத்தில் சில வரிகள் இருக்கின்றன, கணக்குக்கு அவை தேவையில்லை என்று தோன்றுகிறது, நீக்கிவிடலாமா என்று. பதில் எழுதும் பொறுப்பை அக்கா என்னிடம் கொடுத்திருக்கிறாள். பத்து நாளாக வரைவு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

உங்களுக்கு வாக்குறுதி தருகிறேன், மச்சான். வரம்பைத் தெளிவாகச் சொல்லியே தருகிறேன். அவரவர் நகலில் அவரவர் என்ன நீக்குவார்கள் என்பது என் அதிகாரத்துக்கு உட்பட்டதில்லை. நம்மிடம் இருக்கும் மூலத்தில், நான் உயிரோடு இருக்கும்வரையும் எனக்குப் பின் யாழினி இருக்கும்வரையும், நீங்கள் எழுதியதும் அக்கா எழுதியதும் ஒன்றன் கீழ் ஒன்றாகவே இருக்கும். இடையில் ஒரு வெற்று வரிகூட விடமாட்டோம்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரியின் ஒரே தம்பி,
என்றும் உங்கள் மச்சினன்